ஒரே சுண்ணாம்புக்கல்லில் விரிசல் இடைவெளி ஏன் மாறுகிறது?

ஒரே சுண்ணாம்புக்கல்லின் இரண்டு அடுக்குகளை அளந்தபோது, ஒன்றில் விரிசல்கள் நெருக்கமாகவும் மற்றதில் தள்ளியும் இருந்ததால், அளந்ததில் பிழையோ என்று கேட்டிருக்கிறீர்கள். அடுக்கின் தடிமன்தான் காரணம். 20 செ.மீ. அடுக்கில் விரிசல்கள் நெருக்கமாகவும் 2 மீட்டர் அடுக்கில் தள்ளித் தள்ளியும் வருவது வழக்கம்தான். நீங்கள் தப்பாக அளந்துவிடவில்லை. ஒரு விரிசல் திறந்ததும் அதன் இருபுறமும் இழுவிசை தளர்ந்துவிடும். அடுக்கு தடிக்கத் தடிக்க அந்தத் தளர்ந்த பகுதியும் அகலும், அதற்குள் அடுத்த விரிசல் எளிதில் விழாது.

இரண்டு அடுக்குக்கும் நடுவில் களிப்பாறை (களிமண் இறுகி உண்டான மென்பாறை) இருக்கிறது என்கிறீர்களே, அதைக் கொஞ்சம் சுரண்டிப் பாருங்கள். விரிசல் அதன் விளிம்பில் நிற்கிறதா, ஊடுருவிப் போகிறதா? ஊடுருவினால் இரண்டையும் ஒரே அடுக்காகக் கணக்கிட வேண்டும். விரல் அகல மென்களிகூடச் சில சமயம் நிறுத்திவிடும். ஆனால் கண்ணுக்குத் தெரியும் படுகைக் கோடெல்லாம் (அடுக்குகளைப் பிரிக்கும் கோடு) விரிசலை நிறுத்தாது.

அப்புறம், பாறை மடிப்பின் வளைவிலும் நிலப்பிளவுக்கு (பாறை உடைந்து நகர்ந்த இடம்) பக்கத்திலும் இந்தக் கணக்கு எடுபடாது. செங்குத்தாகத் துளையிட்டு எடுத்த பாறை மாதிரியை மட்டும் நம்பவும் வேண்டாம். செங்குத்து விரிசல்கள் பலவும் அதில் அகப்படாமலே போகும்.