நண்பன் விட்டுப்போன ரேடியோ

கேள்வி: நானும் என் நண்பனும் 1979லிருந்து சிற்றலை வானொலி கேட்டவர்கள். அவன் மொட்டை மாடியில் ஒயர் கட்டி நிலையம் பிடிப்பான், நான் நோட்டில் எழுதுவேன். போன ஆடியில் போய்விட்டான். அவன் வீட்டம்மா ஒரு டிரான்சிஸ்டர், ஒரு வால்வு ரேடியோ, நோட்டுகள், செருப்பு டப்பாக்கள் நிறைய கியூ.எஸ்.எல். அட்டைகள் எல்லாவற்றையும் "நீங்களே வச்சுக்கோங்கண்ணே" என்று கொண்டுவந்து கொடுத்துவிட்டார். மூன்று மாதமாகத் துணி போட்டு மூடி வைத்திருக்கிறேன். என் மகனோ எல்லாம் செல்போனில் வருகிறதே, எடைக்குப் போட்டுவிடுங்கள் என்கிறான். என்ன செய்யட்டும்?
– பெயர் வேண்டாம், திண்டுக்கல்

பதில்: முதலில் டிரான்சிஸ்டரின் பின்மூடியைத் திறந்து பேட்டரிக் கட்டைகளை வெளியே எடுங்கள். துக்கத்தைச் சொன்னால் பேட்டரியைப் பற்றிப் பேசுகிறானே என்று நினைக்காதீர்கள், கட்டை கசிந்து ஸ்பிரிங்கெல்லாம் பூத்துப்போய் நானே ஒரு நல்ல செட்டை இழந்திருக்கிறேன். வால்வு ரேடியோவை நேராகக் கரண்டில் செருகவும் வேண்டாம். வருடக்கணக்கில் சும்மா கிடந்த செட்டில் பழைய கண்டன்சர்கள் கெட்டிருக்கும், விவரம் தெரிந்த மெக்கானிக் ஒருவர் பார்க்கட்டும்.

சரி, இப்போது அட்டைகள். இளைய வாசகர்களுக்காக ஒரு வார்த்தை: தூரத்து நிலையத்தைக் கேட்டு, தேதி, நேரம், அலைவரிசை, என்ன பாட்டு போட்டார்கள், எவ்வளவு தெளிவு என்று எழுதிப் போட்டால், அவர்கள் சரிபார்த்து "ஆமாம், நீங்கள் கேட்டது எங்களைத்தான்" என்று அனுப்புவதுதான் கியூ.எஸ்.எல். அட்டை. தெளிவுக்கு 'சின்போ' என்று ஐந்து எண்கள் உண்டு. சிக்னலின் பலம், அடுத்த நிலையத்தின் குறுக்கீடு, இரைச்சல், அலை ஏறி இறங்குவது, மொத்தத்தில் எப்படி என்று ஒவ்வொன்றுக்கும் ஒன்றிலிருந்து ஐந்து வரை மதிப்பெண். எடுத்த எடுப்பில் 55555 போடுகிறவனை நாங்கள் நம்பமாட்டோம்.

என்னைக் கேட்டால் அட்டைகளைவிட அந்த நோட்டுகள்தான் பெரிய சொத்து. எனக்கும் இப்படி ஒரு கூட்டாளி இருந்தார், போய் ஆறு வருடம் ஆகிறது. எங்கள் ஜோடியில் எழுதியது அவர். அவருடைய நோட்டில் ஒரு பக்கத்தில் "தமிழோசை, 34333, வெளியே மழை, தம்பி தூங்கிவிட்டான்" என்று இருக்கிறது. அந்தத் தம்பி நான்தான். 1941ல் லண்டனில் தொடங்கிய பி.பி.சி. தமிழோசை 2017 ஏப்ரலோடு சிற்றலையில் நின்றுவிட்டது. அந்த ராத்திரி நான் தூங்கியதற்கு இன்றைக்கு இருக்கிற ஒரே சாட்சி அந்த வரி.

உங்கள் விஷயத்தில் எழுதியது நீங்கள். அதாவது கேட்டது அவர் காது, கையெழுத்து உங்களுடையது. எடைக்குப் போடச் சொல்கிற மகனிடம் அதில் பாதி அப்பாவுடைய சரக்கு என்று சொல்லிப் பாருங்கள். கேட்பதோடு நிற்காமல் தாங்களே ஒலிபரப்பியும் பேசிக்கொள்கிற ஹாம் ரேடியோக்காரர்கள் தங்களில் ஒருவர் காலமானால் 'சைலண்ட் கீ' என்பார்கள், மோர்ஸ் தந்தி தட்டும் சாவி ஓய்ந்துவிட்டதாம். நம்மைப் போல வெறும் காதை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தவர்களுக்கு அப்படி ஒரு பட்டம்கூடக் கிடையாது.

செல்போனில் எல்லாம் வருகிறது, உண்மைதான். ஆனால் பொழுது சாய்ந்ததும் வானத்தில் அலையை விழுங்கிக்கொண்டிருந்த கீழடுக்கு கலைந்துபோய், பகலெல்லாம் வராத ஊர்கள் ஒவ்வொன்றாக இரைச்சலுக்குள்ளிருந்து எழும்பி வருமே, அது அதில் வராது. நீங்கள் இரண்டு பேரும் மாடியில் காத்திருந்தது அதற்காகத்தானே.

அதனால் புதுக் கட்டை போட்டு ஒரு நாள் ராத்திரி சிற்றலையின் 31 மீட்டர் வரிசையில் நீங்களே திருகிப் பாருங்கள், அங்கே இன்னும் குரல்கள் இருக்கின்றன. முதல் சில நாட்கள் ஒன்றும் பிடிபடாது, எரிச்சலாக வரும், அவன் இருந்தால் இந்நேரம் பிடித்திருப்பான் என்று தோன்றும். தோன்றட்டும். அப்புறம் ஏதாவது சிக்கினால் பழைய நோட்டிலேயே அடுத்த வரியில் எழுதுங்கள், புது நோட்டு வாங்காதீர்கள்.

நிலையத்துக்கு எழுதும் அறிக்கையை அவர் பெயரில் அனுப்பலாமா என்று கேட்பீர்கள். வேண்டாம், கேட்பது நீங்கள், உங்கள் பெயரையே போடுங்கள். இப்போது பல நிலையங்கள் அட்டையை ஈமெயிலில்தான் அனுப்புகின்றன, மகனிடம் கொடுத்து பிரிண்ட் எடுத்துத் தரச் சொல்லுங்கள்.