புள்ளடியும் போனும்: வாசகர் கேள்வி – பதில்

25 வீத வாக்கு எடுத்த கட்சிக்கு 6 ஆசனத்தில் 3 எப்படிப் போனது? கணக்கில் பிழை என்று கடைசி நாடாளுமன்றத் தேர்தலில் இருந்து எங்கள் வாசிகசாலையில் சண்டை ஓயவில்லை.
– கோப்பாய் வாசகர்

கணக்கில் பிழை இல்லை. விதி அப்படி. 2024 நவம்பர் 14 நாடாளுமன்றத் தேர்தலில் யாழ். தேர்தல் மாவட்டத்தில் செல்லுபடியான வாக்குகள் 325,312. கிளிநொச்சியும் இதற்குள்தான். இனி ஒரு தாளும் பேனையும் எடுங்கள்.

முதலில் வெட்டுப்புள்ளி. செல்லுபடியான வாக்கில் 5 வீதம் எடுக்காத கட்சியும் சுயேச்சைக் குழுவும் கணக்கிலிருந்தே விலக்கப்படும். இங்கே அந்த 5 வீதம் 16,266 வாக்கு. அதைத் தாண்டியவை ஆறு: தேசிய மக்கள் சக்தி 80,830, தமிழரசுக் கட்சி 63,327, தமிழ்க் காங்கிரஸ் 27,986, சுயேச்சைக் குழு 17க்கு 27,855, ஜனநாயக தமிழ்த் தேசியக் கூட்டணி 22,513, ஈ.பி.டி.பி. 17,730. கூட்டினால் 240,241. மிச்சம் 85,071 வாக்கு ஆசனக் கணக்குக்குள் வரவே இல்லை. நான்கில் ஒன்றுக்கும் மேல்!

அடுத்தது போனஸ். மாவட்டத்தில் முதலாவதாக வந்த கட்சிக்கு ஒரு ஆசனம் சும்மா கிடைக்கும். மீதி 5. 240,241ஐ 5 ஆல் வகுத்தால் 48,048உம் சொச்சமும். சொச்சம் வந்தால் அடுத்த முழு எண்ணை எடுக்க வேண்டும், ஆகவே ஓர் ஆசனத்தின் விலை 48,049. முதல் இரண்டு கட்சிகளுக்கும் தலா ஒன்று நேரே கிடைத்தது. கொடுத்தது போக முதலாவது கட்சியிடம் 32,781, தமிழரசிடம் 15,278 மிஞ்சின. மற்ற நால்வரிடமும் அவர்கள் எடுத்த வாக்கு முழுவதுமே மிச்சம்.

இன்னும் 3 ஆசனம் இருக்கிறது. மிச்சம் கூடியவருக்கே அவை போகும்: 32,781, 27,986, 27,855. எனவே முதலாவது கட்சிக்கு போனஸ் ஒன்று, முழு விலைக்கு ஒன்று, மிச்சத்துக்கு ஒன்று என மூன்று. தமிழரசு, காங்கிரஸ், சுயேச்சைக் குழு 17 ஆகியவற்றுக்கு ஒவ்வொன்று. 63 ஆயிரம் எடுத்தவருக்கும் ஒன்று, 28 ஆயிரம் எடுத்தவருக்கும் ஒன்று என்பதுதான் உங்கள் வாசிகசாலைக்கு உறுத்துகிறது. இந்த முறையில் ஆசனம் குறைந்த மாவட்டத்தில் அப்படித்தான் விழும். யாழ்ப்பாணத்துக்கு 2020இல் 7 ஆசனம் இருந்தது, 2024இல் 6 ஆகியது. ஆசனம் குறையக் குறைய ஒவ்வொன்றின் விலையும் ஏறும், போனஸின் பாரமும் கூடும். ஐந்தாகவும் ஆறாகவும் பிரிந்து கேட்பவர்கள் வேட்புமனுவுக்கு முதல் இந்தக் கணக்கைப் போட்டுப் பார்த்ததாகத் தெரியவில்லை.

போன முறை நிறைய வாக்கு நிராகரிக்கப்பட்டதாம். படித்த சனம் நிறைந்த ஊரில் அது எப்படி?
– சுன்னாகம் வாசகி

உண்மைதான். மேலே சொன்ன தேர்தலில் யாழ். மாவட்டத்தில் நிராகரிக்கப்பட்டவை 32 ஆயிரத்துக்கும் மேல். ஓர் ஆசனம் எடுத்த தமிழ்க் காங்கிரஸின் வாக்கைவிட இது கூட. இதற்குப் படிப்பைக் குறை சொல்லிப் பயனில்லை. எட்டு மாதத்துக்குள் மூன்று தேர்தல், மூன்றிலும் வாக்குச்சீட்டு வேறு வேறு.

ஜனாதிபதித் தேர்தலில் (2024 செப்டெம்பர் 21) 1, 2, 3 என்று இலக்கம் எழுதலாம். ஒருவருக்கு மட்டும் என்றால் புள்ளடியும் (X) போடலாம், ஆனால் புள்ளடியையும் இலக்கத்தையும் கலக்கக் கூடாது. அது முடிந்து 54ஆம் நாள் நாடாளுமன்றத் தேர்தல். அதில் இலக்கம் எழுதும் வேலையே இல்லை, எல்லாம் புள்ளடி. 2025 மே 6 உள்ளூராட்சித் தேர்தலில் ஒரே ஒரு புள்ளடி; கட்சிக்குள் விரும்பிய வேட்பாளருக்குப் போடும் விருப்பு வாக்குக் கிடையாது.

நாடாளுமன்றச் சீட்டில் சறுக்கும் இடங்கள் இவை. மேலே கட்சிக்குப் புள்ளடி போடாமல், கீழே வேட்பாளர் இலக்கத்துக்கு மட்டும் போட்டால் அந்தச் சீட்டு செல்லாது. இரண்டு கட்சிக்குப் போட்டாலும் செல்லாது. “கட்சி ஒன்று, ஆள் வேறு கட்சி” என்று போடவும் முடியாது. கீழே உள்ள இலக்கங்கள் எந்தக் கட்சிக்கும் பொதுவானவை. கீழே 4இல் போட்டால், நீங்கள் மேலே புள்ளடி போட்ட கட்சியின் 4ஆம் இலக்கத்துக்கே அது போய்ச் சேரும். மூன்று விருப்புக்கு மேல் போட்டால் கட்சி வாக்குத் தப்பும், விருப்பு வாக்கு மட்டும் போய்விடும். பெயர், கையொப்பம், திட்டு, கவிதை எதை எழுதினாலும் சீட்டு கழிக்கப்படலாம். முதலில் மேலே ஒன்று, பிறகு விரும்பினால் கீழே மூன்று வரை. வீட்டிலுள்ள வயதானவர்களுக்கு இதை வாயால் சொல்லாமல் ஒரு தாளில் கீறிக் காட்டுங்கள்.

மகன் கனடாவில். அங்கிருந்தே வாக்குப் போட வழி உண்டா?
– அச்சுவேலி வாசகர்

இப்போதுள்ள சட்டத்தில் இல்லை. தபால்மூல வாக்கு இங்கே கடமையில் இருக்கும் அரச ஊழியர் போன்றோருக்கானது, வெளிநாட்டில் இருப்பவருக்கு அல்ல. இணையத்தில் வாக்களிக்கலாம் என்று இணைப்பு வந்தால் அது ஏமாற்று. மகன் இரட்டைக் குடியுரிமை எடுத்து, பெயரும் வாக்காளர் இடாப்பில் இருந்தால், அன்றைக்கு இங்கே நின்று வாக்களிக்கலாம். கனடாக் குடியுரிமை மட்டும் எடுத்திருந்தால் இலங்கைக் குடியுரிமை போயிருக்கும், வாக்கும் போய்விட்டது.

என்னைக் கேளாமலே ஐந்தாறு கட்சிக் குறூப்பில் சேர்த்துவிட்டார்கள். போனும் நிறைந்து, படம் எடுக்கவே இடமில்லை.
– மானிப்பாய் வாசகி

முதலில் கதவைச் சாத்துங்கள். வட்ஸ்அப்பில் செற்றிங்ஸ், பிரைவசி, குறூப்ஸ். அங்கே ‘எவ்ரிவன்’ என்றிருப்பதை ‘மை கொன்ராக்ற்ஸ்’ ஆக்குங்கள். உங்கள் போனில் இலக்கம் பதிந்திராதவர் இனி நேரே சேர்க்க முடியாது, அழைப்பு மட்டும் அனுப்பலாம். வேட்பாளரின் ஆள் உங்கள் ஒன்றுவிட்ட அண்ணர் என்றால் அதே இடத்தில் ‘மை கொன்ராக்ற்ஸ் எக்செப்ட்’ இருக்கிறது. அவரை மட்டும் தெரிவுசெய்து விலக்குங்கள். அவருக்கு அறிவிப்பு எதுவும் போகாது. குறூப்பை விட்டு வெளியேறினாலும் அட்மின்களுக்கு மட்டும்தான் அறிவிப்புப் போகும், ஊருக்கே போகாது. அதையும் தவிர்க்க வேண்டுமென்றால் குறூப்பை ‘மியூற்’ பண்ணி ‘ஆர்க்கைவ்’இல் போட்டுவிடுங்கள்.

இனி இடம். செற்றிங்ஸ், ஸ்ரோறேஜ் அன்ட் டேற்றா, மனேஜ் ஸ்ரோறேஜ். மேலே இரண்டு தட்டுகள் தெரியும்: 5 எம்.பி.க்கு மேற்பட்டவை, பல தடவை ஃபோர்வேட் ஆனவை. தேர்தல் காலத்தில் இரண்டாவதைத் திறந்து அப்படியே அழித்தாலும் இழப்பு அபூர்வம். ஆனால் ‘செலெக்ற் ஓல்’ தட்டுமுன் ஒருமுறை கீழே இறக்கிப் பாருங்கள். பேரப்பிள்ளையின் படமும் ஃபோர்வேட் ஆகி வந்திருக்கலாம்.

அழித்ததோடு நின்றால் ஒரு கிழமையில் மீண்டும் நிறையும். அதே ஸ்ரோறேஜ் பக்கத்தில் ‘மீடியா ஓட்டோ டவுன்லோட்’ இருக்கும். மொபைல் டேற்றா, வைஃபை, ரோமிங் மூன்றிலும் எல்லா அடையாளத்தையும் எடுத்துவிடுங்கள். வைஃபையை மறப்பதுதான் பலரும் விடும் பிழை. அதன்பின் நீங்கள் தட்டினால் மட்டுமே படமும் வீடியோவும் இறங்கும். டேற்றாக் காசும் மிஞ்சும். அன்ட்ரொயிட் போன் என்றால் செற்றிங்ஸ், சற்ஸ், ‘மீடியா விசிபிலிற்றி’யையும் நிறுத்துங்கள்; இனி வரும் வேட்பாளர் முகங்கள் கலரியில் வரா.

அச்சகத்தில் தந்த துண்டுப்பிரசுரத்தை வட்ஸ்அப்பில் ஒட்டினால் ஆங்கில எழுத்தாகக் கொட்டுகிறது. போனில் வைரஸா?
– பருத்தித்துறை வாசகர்

வைரஸ் இல்லை, பாமினி. எங்கள் ஊர் அச்சகங்கள் பலவற்றில் இன்னும் பாமினிதான். அது ஆங்கில எழுத்துகளின் மேல் தமிழ் உருவம் போர்த்திய எழுத்துரு. அந்த எழுத்துரு இல்லாத போனில் போர்வை கழன்று உள்ளே இருப்பது தெரிகிறது. ‘பாமினி யூனிகோட் மாற்றி’ என்று கூகுளில் தேடினால் இலவச மாற்றிகள் வரும். ஒரு பெட்டியில் ஒட்டி, மற்றதில் எடுக்கலாம்.

மாற்றியபின் கட்டாயம் வாசியுங்கள். பாமினியில் அடிப்பவர்கள் கண்ணுக்கு ஒன்றாகத் தெரிவதால் அரவையும் (ா) ரகரத்தையும் மாறி அடித்திருப்பார்கள். ஔகாரத்துக்கு ஒகரமும் ளகரமும் சேர்த்து அடிப்பதும் உண்டு. தாளில் தெரியாத பிழை, யூனிகோடில் தேடும்போது அகப்படாமல் போகும். ஆங்கிலச் சொல், இணைய முகவரி இடையில் இருந்தால் அவையும் தமிழாக மாறி உளறும். அவற்றை மட்டும் கையால் திரும்ப அடியுங்கள்.

இன்னொன்று. தேர்தல் பிரசுரத்திலும் சுவரொட்டியிலும் அச்சிட்டவர், வெளியிட்டவர் இருவரதும் பெயரும் முகவரியும் இருக்க வேண்டும் என்பது சட்டம். அது இல்லாமல் கையில் வந்த பிரசுரத்தை யாருக்கும் அனுப்பாதீர்கள்.

தெரிந்த ஒருவரின் இலக்கத்திலிருந்து “கருத்துக்கணிப்பு, வந்த 6 இலக்கக் கோட்டைச் சொல்லுங்கோ” என்று கேட்டு, சொல்லிவிட்டேன். இப்போது வட்ஸ்அப் திறக்கவில்லை.
– சாவகச்சேரி வாசகர்

அந்தக் கோட் உங்கள் வட்ஸ்அப்பின் திறப்பு. கேட்டவரின் கணக்கும் ஏற்கெனவே பறிபோயிருக்கும், அவரோடு கோபிக்க வேண்டாம். இப்போதே வட்ஸ்அப்பில் உங்கள் இலக்கத்தை மறுபடி பதியுங்கள். உங்கள் சிம்முக்கு எஸ்.எம்.எஸ். வரும், அதைப் போட்ட கணமே திருடன் வெளியே. அவன் இடையில் தன் ‘பின்’ (PIN) இரகசிய இலக்கம் ஒன்றைப் போட்டிருந்தால் நீங்கள் 7 நாள் காத்திருக்க வேண்டி வரும், ஆனால் அந்த 7 நாளும் அவனாலும் உள்ளே வர முடியாது. எஸ்.எம்.எஸ். வரவில்லையா? திரும்பத் திரும்பத் தட்டாதீர்கள், தட்டத் தட்டக் காத்திருக்கும் நேரம் கூடும்.

உள்ளே போனதும் இரண்டு வேலை. ‘லிங்ட் டிவைசஸ்’ திறந்து தெரியாத கணினி ஏதும் இருந்தால் வெளியேற்றுங்கள். பிறகு செற்றிங்ஸ், அக்கவுன்ற், ‘ரூ ஸ்ரெப் வெரிஃபிகேஷன்’ போய் 6 இலக்கப் ‘பின்’ போட்டு, மின்னஞ்சலும் கொடுங்கள். பிறந்த ஆண்டை வைக்க வேண்டாம். யாராவது அழைப்புத் திருப்பும் இலக்கம் ஒன்றை அடிக்கச் சொல்லி நீங்களும் அடித்திருந்தால் ##002# அழுத்தி அழையுங்கள், எல்லாத் திருப்பலும் நீங்கும். உறவினருக்குச் சாதாரண அழைப்பில் சொல்லிவிடுங்கள்: உங்கள் பெயரில் காசு கேட்டு வந்தால் அனுப்ப வேண்டாம் என்று.

வாக்காளர் அட்டை வரவில்லை. வாக்களிக்கலாமா? போன் கொண்டு போகலாமா?
– வேலணை வாசகி

பெயர் இடாப்பில் இருந்தால் அட்டை இல்லாமலும் வாக்களிக்கலாம். இடாப்பில் இருக்கிறதா என்பதைத் தேர்தல் ஆணைக்குழுவின் இணையத்தளத்தில் அடையாள அட்டை இலக்கத்தைக் கொடுத்துப் பார்க்கலாம், விதானையாரிடமும் (கிராம அலுவலர்) கேட்கலாம். அட்டையைக் கடைசி நாள்வரை உங்கள் தபாலகத்தில் கேட்டுப் பெறவும் முடியும். அடையாள ஆவணம் இல்லாமல் மட்டும் முடியாது: தேசிய அடையாள அட்டை, காலாவதியாகாத கடவுச்சீட்டு அல்லது சாரதி அனுமதிப்பத்திரம், ஓய்வூதிய, முதியோர் அடையாள அட்டைகள். போனில் இருக்கும் அடையாள அட்டைப் படம் செல்லாது. வாக்களிப்பு நிலையத்துக்குள் போன் பாவிக்கவோ படம் எடுக்கவோ கூடாது. வீட்டிலேயே விட்டுவிட்டுப் போங்கள்.

கட்சித் தலைவர் ஒருவர் “நான் விலகுகிறேன்” என்று சொல்லும் குரல் பதிவு வந்தது. உண்மை பொய்யை எப்படி அறிவது?
– நல்லூர் வாசகர்

எப்போது வந்தது என்று முதலில் பாருங்கள். வாக்களிப்புக்கு முந்தைய 48 மணிநேரம் பிரசாரம் ஓய்ந்த நேரம். மறுப்புச் சொல்ல மேடை இல்லாத அந்த நேரத்துக்கென்றே பொய்கள் சேமித்து வைக்கப்படுகின்றன. செய்திக்கு மேலே இரட்டை அம்புக்குறி இருந்தால் அது குறைந்தது ஐந்து கையாவது மாறி வந்தது. முதலில் அனுப்பியவர் யார் என்று அனுப்பியவருக்கே தெரியாது.

வீடியோ என்றால் முகம் தெளிவாக உள்ள இடத்தில் நிறுத்தி, ஸ்கிறீன்ஷொட் எடுத்து, கூகுள் லென்ஸில் போடுங்கள். அதே படம் பழைய கூட்டமொன்றில் அகப்பட்டால் குரல் மட்டும் புதிது. பின்னால் தெரியும் பதாகை, மழைக்காலக் குடை, சால்வை எல்லாம் காலம் காட்டும். குரல் பதிவு மட்டும் என்றால் லென்ஸ் உதவாது. செயற்கை நுண்ணறிவு இப்போது தமிழ்க் குரலையும் நன்றாகவே பிரதி எடுக்கிறது, காதை நம்ப முடியாது. அந்தத் தலைவரின் சொந்தப் பக்கத்தில் இருக்கிறதா, ஒன்றுக்கொன்று ஆகாத இரண்டு பத்திரிகைகளும் அதைச் சொல்கின்றனவா என்று பாருங்கள். இரண்டும் இல்லையென்றால் அடுத்தவருக்கு அனுப்பாதீர்கள்.

முடிவுகள் வரும் இரவில் மின்சாரம் போனால் ரவுட்டரும் போகிறது. என்ன வாங்கலாம்?
– காரைநகர் வாசகர்

ரவுட்டருக்கென்றே சின்ன டி.சி. யூ.பி.எஸ். கிடைக்கும். வாங்கமுன் ரவுட்டரின் அடப்டரைப் பாருங்கள்: 12 வோல்ட், 1 அம்பியர் அல்லது 1.5 என்றிருக்கும். சிலது 9 வோல்ட். வோல்ட் சரியாகவே பொருந்த வேண்டும். அம்பியர் அதற்குச் சமமாகவோ கூடவோ இருக்கலாம். முள்ளின் உள் விட்டம் 2.1, 2.5 மில்லிமீற்றர் என்று மாறும், ஆகவே அடப்டரைக் கையோடு கடைக்குக் கொண்டு போங்கள்.

பெட்டியில் 8,800 மில்லி அம்பியர் மணி என்றிருந்தால் அது 3.7 வோல்ட் பற்றரியின் கணக்கு. பெருக்கினால் 32 வாற் மணி சொச்சம், மாற்றும்போது போகும் நட்டம் கழிய 27 அளவில் கையில் நிற்கும். 8, 9 வாற் இழுக்கும் ஃபைபர் ரவுட்டருக்கு 3 மணிநேரம். ‘10 மணிநேரம்’ என்று பெட்டியில் எழுதியிருப்பதைக் கடைக்காரரும் நம்புவதில்லை. பவர் பாங்கிலிருந்து 12 வோல்ட் எடுக்கும் வயர் மலிவு, ஆனால் 5 வோல்ட் 2 அம்பியர் பவர் பாங்கில் மொத்தமே 10 வாற். நாலு போன் ஒன்றாக இணைந்ததும் ரவுட்டர் நின்று நின்று எழும்பும். ஃபைபர் என்றால் நடுவழியில் மின்சாரம் தேவையில்லை, உங்கள் பக்கம் ஓடினால் போதும்.

விடிய விடிய விழித்திருக்கத் தேவையும் இல்லை. முதலில் தபால்மூல வாக்கு, பிறகு ஊர்காவற்றுறை முதல் கிளிநொச்சி வரை 11 தொகுதிகள், அதன்பின் ஆசனம். யார் உள்ளே, யார் வெளியே என்ற விருப்பு வாக்கு கடைசியாகத்தான் வரும். அதற்கு முன் உலாவும் பட்டியல் எதுவும் எண்ணியது அல்ல.