வீடு வீடாகப் போகும் டாக்டர்

அன்புள்ள ஐயா,

எம்.பி.பி.எஸ். முடித்துவிட்டுத் தொற்றுநோயியலில் மேற்படிப்பு படிக்கிறேன். காசநோய் ஆராய்ச்சிக்குப் போக ஆசை. "டாக்டருக்குப் படித்துவிட்டு வீடு வீடாகக் கணக்கெடுக்கப் போகிறாயா?" என்கிறார் அப்பா. அவருக்கு என்ன பதில் சொல்வது?

– ந., சேலம்

அன்புள்ள ந.,

அப்பா கேட்பதில் தப்பில்லை. வீடு வீடாகத்தான் போகவேண்டியிருக்கும். ஆனால் காசநோய் மருத்துவத்தின் பெரிய திருப்பம் ஒன்று அப்படி வீடு வீடாகப் போனதால்தான் வந்தது, அதுவும் சென்னையில்.

1956-ல் சேத்துப்பட்டில் காசநோய் கீமோதெரபி (மருந்துச் சிகிச்சை) மையம் தொடங்கியபோது அதை நடத்த வந்தவர் வாலஸ் ஃபாக்ஸ் என்ற பிரிட்டிஷ் டாக்டர். அன்றைக்கு டி.பி. என்றாலே சானடோரியம்தான்: நல்ல காற்று, சத்தான சாப்பாடு, முழு ஓய்வு. ஆனால் படுக்கைகள் மிகக் குறைவு. இடம் கிடைக்காதவர்களை வீட்டிலேயே வைத்து மருந்து கொடுத்தால் என்ன ஆகும்? 193 நோயாளிகளைக் குலுக்கல் முறையில் இரண்டாகப் பிரித்தார்கள். ஒரு பாதிப் பேர் சானடோரியத்துக்கு, மறு பாதிப் பேர் நெரிசலான தங்கள் வீடுகளுக்கு. இரு சாராருக்கும் ஓராண்டு ஒரே மருந்துகள்: ஐசோனியசிட், பாஸ் (PAS).

சானடோரியத்துக்காரர்கள் நன்றாகச் சாப்பிட்டார்கள், எடை கூடினார்கள். வீட்டில் இருந்தவர்களுக்கு அந்தச் சாப்பாடும் இல்லை, ஓய்வும் இல்லை. ஆண்டு முடிவில் நோய் அடங்கியவர்கள் அங்கே 92 சதவீதம், இங்கே 86. ஐந்தாண்டு கழித்துப் பார்த்தபோது அந்த வித்தியாசமும் அநேகமாக மறைந்துவிட்டது.

எனக்கு இதைவிடப் பெரிதாகப் படுவது இன்னொன்று. நோயாளியை வீட்டில் வைத்துக்கொண்ட குடும்பங்களுக்கு அதனால் கூடுதலாக நோய் வரவில்லை. தொற்று பெரும்பாலும் நோயைக் கண்டுபிடித்து மருந்து தொடங்குவதற்கு முன்பே நடந்துவிடுகிறது. என் பெரிய தாத்தா தாம்பரம் சானடோரியத்திலிருந்து குணமாகித் திரும்பியவர். அவர் போய்ச் சேரும்வரை அவருடைய பித்தளை தம்ளர் திண்ணை மாடத்தில் தனியாகக் கவிழ்ந்திருந்தது. சின்ன வயதில் நான் அதைத் தொட்டதற்குப் பாட்டியிடம் அடி வாங்கியிருக்கிறேன். அந்தத் தம்ளருக்கு அவசியமே இருக்கவில்லை என்பதைச் சேத்துப்பட்டுக்காரர்கள் அதற்கு வெகுகாலம் முன்பே எண்ணிப் பார்த்துச் சொல்லியிருந்தார்கள். எங்கள் வீட்டுக்குத்தான் அது வந்து சேரவில்லை.

ஃபாக்ஸ் அதோடு நிற்கவில்லை. கொடுத்த மருந்தை நோயாளி உண்மையிலேயே சாப்பிடுகிறாரா? பாஸ் வயிற்றைப் புரட்டும், அதையும் கிராம் கணக்கில் விழுங்க வேண்டும். மையத்து ஆட்கள் சொல்லாமல் வீட்டுக்குப் போய் மிச்சமிருக்கும் மருந்தை எண்ணினார்கள், சிறுநீரைச் சோதித்தார்கள். இருமல் நின்றதும் பலர் மருந்தை விட்டுவிடுவது தெரிந்தது. சரி, நோயாளியைத் திட்டி என்ன பயன்? மருந்து முறையையே மாற்றினார்கள். வாரம் இரண்டு நாள் மையத்துக்கு வந்து, கண்ணெதிரே மருந்து எடுத்துக்கொள்ளும் முறை அங்கே சோதிக்கப்பட்டது. பிற்பாடு உலகமெங்கும் பரவிய நேரடிக் கண்காணிப்புச் சிகிச்சைக்கு அது ஒரு வேர். ஃபாக்ஸ் லண்டன் திரும்பி, டெனிஸ் மிட்சிசன் என்ற நுண்ணுயிரியல் நிபுணரோடு சேர்ந்து கிழக்கு ஆப்பிரிக்கா, ஹாங்காங், சிங்கப்பூர் என்று ஆய்வுகளை நடத்தினார். ஒன்றரை வருடம் இழுத்த சிகிச்சை ஆறு மாதமாகக் குறைந்ததில் அவற்றுக்குப் பெரிய பங்கு உண்டு.

ஒன்றை மட்டும் தப்பாக எடுத்துக்கொள்ளாதீர்கள். சாப்பாடு முக்கியமில்லை என்று சென்னை ஆய்வு சொல்லவில்லை. சரியான மருந்து கிடைத்தால் ஏழையும் குணமாவார் என்றுதான் சொன்னது. ஜார்க்கண்டில் காசநோயாளிகளின் குடும்பத்தாருக்கு அரிசி, பருப்பு கொடுத்துப் பார்த்த ஆய்வு 2023-ல் வெளியானது. அந்த வீடுகளில் புதிதாக நோய் வருவது ஏறக்குறைய 40 சதவீதம் குறைந்தது. அங்கே கேட்ட கேள்வி வேறு: குணமாவது எப்படி என்பதல்ல, வராமல் தடுப்பது எப்படி என்பது. இந்த வேறுபாட்டைப் பிரித்துப் பார்க்கத்தான் உங்கள் படிப்பு.

அப்பாவிடம் அந்தத் தம்ளர் கதையைச் சொல்லுங்கள். அவர் வயதுக்காரர்கள் வீட்டிலும் அப்படி ஒன்று இருந்திருக்கலாம். முதல் கள வேலைக்குப் போனதும் எனக்கு எழுதுங்கள், எந்த ஊர், எத்தனை வீடு என்று.

அன்புடன்.