பழைய பிரிட்டிஷ் விண்வெளித் தொடர்கள்: எதை வாங்கலாம், எதை விடலாம்?

கேள்வி: ஒன்பது வயதில் லண்டனின் ஹாரோவுக்கு வந்தவள் நான். ஆங்கிலம் சரியாக வராத அந்த 1985 குளிர்காலத்தில், சனிக்கிழமை மாலைகளில் 'டாக்டர் ஹூ' பார்த்துத்தான் பாதி மொழியைக் கற்றேன். பதினைந்து டிவிடிகள் சேர்த்து வைத்திருக்கிறேன். இப்போது பருவம் பருவமாகப் புளூ-ரே பெட்டிகள் வருகின்றன. விலை கையைச் சுடுகிறது. படம் உண்மையிலேயே தெளிவாக இருக்குமா?

பதில்: எந்தப் பழைய தொடரை வாங்கும் முன்பும் ஒன்றைக் கேட்டுக்கொள்ளுங்கள்: இதை ஃபிலிமில் எடுத்தார்களா, வீடியோ நாடாவில் எடுத்தார்களா? உங்கள் கேள்விக்கான பதில் பெரும்பாலும் அதற்குள்ளேயே இருக்கிறது.

காலப்பயணம் செய்யும் டாக்டராக நடிகர்கள் மாறி மாறி நடித்த 'டாக்டர் ஹூ' 1963 நவம்பர் 23 அன்று தொடங்கி 1989 வரை 26 பருவங்கள் ஓடியது. அதன் பெரும்பகுதியை பிபிசி ஸ்டுடியோவுக்குள் வீடியோ கேமராக்களில்தான் பதிவு செய்தார்கள். வெளிப்புறக் காட்சிகளை நெடுங்காலம் 16 மி.மீ. ஃபிலிமில் எடுத்தார்கள். சின்ன வயதில் நீங்களும் கவனித்திருப்பீர்கள். ஒருவர் கதவைத் திறந்து வெளியே போனதும் படத்தின் நிறமும் அசைவும் சட்டென்று மாறும். உள்ளே வீடியோ, வெளியே ஃபிலிம் என்பதுதான் காரணம்.

அன்றைய வீடியோ நாடாவில் கண்ணுக்குத் தெரியும் கோடுகள் அதிகபட்சம் 576தான். டிவிடியும் அதே 576 கோடுகளைத்தான் தருகிறது. புளூ-ரேயில் 1080 இருந்தாலும், மூலத்தில் இல்லாத விவரம் அதில் புதிதாக முளைத்துவிடாது. ஆகவே ஸ்டுடியோக் காட்சிகளில் பெரிய அதிசயத்தை எதிர்பார்க்காதீர்கள். புளூ-ரேயில் இடம் அதிகம் என்பதால் படத்தை அவ்வளவு நெருக்கிச் சுருக்க வேண்டியதில்லை; இருட்டுக் காட்சிகளில் கட்டம் கட்டமாக உடைவது குறையும். ஃபிலிம் சுருள் தப்பியிருந்த இடங்களில் வெளிப்புறக் காட்சிகளைப் புதிதாக ஸ்கேன் செய்திருக்கிறார்கள். அவை நன்றாகவே இருக்கின்றன. அப்புறம் நடிகர்களின் பேட்டிகள், புதிய ஆவணப்படங்கள் என்று கூடுதல் பகுதிகள் நிறைய. நான் இந்தப் பெட்டிகளை வாங்குவது பாதி அவற்றுக்காகத்தான்.

ஒரு கதை மட்டும் விதிவிலக்கு: 1970-இல் ஜான் பெர்ட்வீ டாக்டராக அறிமுகமான 'ஸ்பியர்ஹெட் ஃப்ரம் ஸ்பேஸ்'. பிபிசியில் அப்போது நடந்த வேலைநிறுத்தத்தால் ஸ்டுடியோவைப் பயன்படுத்த முடியாமல், முழுக் கதையையும் 16 மி.மீ. ஃபிலிமில் எடுத்தார்கள். அன்றைக்கு அது சங்கடமாக இருந்திருக்கும். இன்றைக்கு அந்தச் சங்கடத்தின் பலன் நமக்குக் கிடைக்கிறது. பழைய தொடரில் உண்மையான உயர்தெளிவுப் படமாக முழுதாகக் கிடைப்பது இந்தக் கதை ஒன்றே. கடைகளில் துணிகள் போட்டு நிற்கும் பொம்மைகள் உயிர்பெற்றுத் தெருவுக்கு வரும் காட்சியை புளூ-ரேயில் பாருங்கள்.

உங்களுக்கு என் யோசனை இதுதான். பதினைந்து டிவிடிகளையும் வைத்துக்கொள்ளுங்கள். காலின் பேக்கர் நடித்த அந்த 1985 பருவத்தின் பெட்டியை மட்டும் வாங்குங்கள். வழக்கமான 25 நிமிடத்துக்குப் பதிலாக 45 நிமிட அத்தியாயங்களாக வந்த பருவம் அது. முதலில் கனமான அட்டையோடு வரையறுக்கப்பட்ட பதிப்பாகவும், பிறகு சாதாரண உறையில் குறைந்த விலையிலும் பல பருவங்கள் வெளிவருகின்றன. டிஸ்க்குகளில் உள்ளடக்கம் ஒன்றுதான். வரையறுக்கப்பட்ட பதிப்பு தீர்ந்துவிட்டது என்று மறுவிற்பனைக்காரர்கள் இரண்டு மடங்கு, மூன்று மடங்கு கேட்டால் அவசரப்படாதீர்கள். சாதாரணப் பதிப்பு வந்துவிட்டதா என்று முதலில் பாருங்கள், இல்லையென்றால் காத்திருங்கள்.

கேள்வி: என் பேரனுக்கு 'தண்டர்பேர்ட்ஸ்' வாங்கப் போனேன். டிவிடி, புளூ-ரே என்று ஏழெட்டு விதம். பொம்மலாட்டத் தொடருக்கு எதற்கு இவ்வளவு பதிப்புகள்? *(லெஸ்டர்)*

பதில்: இங்கே நிலைமை நேர்மாறு. கெர்ரி ஆண்டர்சனும் சில்வியா ஆண்டர்சனும் ஸ்லவ் நகரத்தில் வைத்து 1964 முதல் 66 வரை எடுத்த இந்த 32 அத்தியாயங்களும் 35 மி.மீ. ஃபிலிமில் உள்ளவை. திரையரங்குப் படங்களை எடுத்த அதே அளவு ஃபிலிம். அதனால் புளூ-ரேக்குக் கொடுக்கும் காசு வீண் போகாது. பொம்மைகளைத் தாங்கும் நூல்களும், ராக்கெட்டுகளில் தொழிலாளிகள் கையால் பூசிய அழுக்கும் கரியும்கூடத் தெரியும். நூல் தெரிந்தால் மாயம் கலைந்துவிடும் என்று சிலர் சொல்கிறார்கள். நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். நூலைப் பார்த்த குழந்தை, "இதை எப்படிச் செய்தார்கள்?" என்று கேட்கும். அந்தக் கேள்விக்காகவே காட்டலாம்.

ஆனால் ஒன்றைக் கட்டாயம் பாருங்கள். இந்தத் தொடரைப் பழைய சதுரத் திரைக்கு, அதாவது 4:3 அளவுக்கு எடுத்தார்கள். இன்றைய அகலத் திரையை நிரப்ப, மேலும் கீழும் வெட்டி 16:9 ஆக்கிய பதிப்பும் விற்பனைக்கு வந்தது. அதில் பொம்மைகளின் உச்சந்தலை காணாமல் போகும். உறையின் பின்புறம் பொடி எழுத்தில் அளவு அச்சிட்டிருக்கும். 4:3 அல்லது 1.33:1 என்று இருந்தால் மட்டும் எடுங்கள். திரையின் இரண்டு பக்கமும் கறுப்புப் பட்டை வரும். அது குறை இல்லை என்று பேரனிடம் சொல்லிவிடுங்கள்.

அதே ஆண்டர்சன்களின் 'ஸ்பேஸ் 1999' (48 அத்தியாயங்கள்), 'யுஎஃப்ஓ' (26) ஆகியவையும், ஆண்டர்சன்களுடையது அல்லாத, வேல்ஸின் போர்ட்மெய்ரியனில் எடுத்த 'தி ப்ரிசனர்' (17) தொடரும் 35 மி.மீ. ஃபிலிம்தான். இவற்றையும் புளூ-ரேயாகவே தேடுங்கள். இவற்றில் பலவற்றை அருமையாக வெளியிட்டுவந்த நெட்வொர்க் நிறுவனம் 2023-இல் மூடப்பட்டது. அதன் டிஸ்க்குகளுக்குப் பழைய சந்தையில் விலை ஏறியது அதற்குப் பிறகுதான். வேறு நிறுவனம் மறுபதிப்பு கொண்டுவந்திருக்கிறதா என்று தேடிய பிறகு அந்த விலையைக் கொடுங்கள். 1978 முதல் 1981 வரை ஓடிய 'பிளேக்ஸ் செவன்' ஸ்டுடியோ நாடாவும் 16 மி.மீ. ஃபிலிமும் கலந்தது. அதற்கு முதல் பதிலில் சொன்ன கணக்கே பொருந்தும்.

கேள்வி: லண்டனில் இருக்கும் மச்சான் டிஸ்க்குகளை அனுப்புவதாகச் சொல்கிறான். இங்கே ஓடுமா? *(டொராண்டோ)*

பதில்: சாதாரண பிளேயரில் ஓடும் என்று நம்பி அனுப்பச் சொல்லாதீர்கள். டிஸ்க்குகளை உலகின் மண்டலவாரியாகப் பூட்டி விற்பதுண்டு. டிவிடியில் பிரிட்டன் 2-ஆம் மண்டலம், கனடா 1. புளூ-ரேயில் பிரிட்டன் 'பி', கனடா 'ஏ'. அதற்கு மேல் பிரிட்டிஷ் தொலைக்காட்சிப் பதிவில் படம் மாறும் வேகம் 50 ஹெர்ட்ஸ் (நொடிக்கு 50 முறை), உங்கள் ஊரில் 60. மண்டலப் பூட்டு இல்லாத டிஸ்க்கைக்கூட வட அமெரிக்க பிளேயர்கள் பல ஏற்பதில்லை. வட அமெரிக்காவுக்கென்று தனியாக வெளியிட்ட பதிப்பு இருந்தால் அதையே வாங்குங்கள். 4கே டிஸ்க்குகளுக்கு மண்டலப் பூட்டு கிடையாது. ஆனால் அதே பெட்டியில் கூடவே வரும் புளூ-ரேக்கு இருக்கலாம்.

சென்னைக்கு அனுப்ப நினைப்பவர்களுக்கும் ஒரு வரி: இந்தியா டிவிடியில் 5, புளூ-ரேயில் 'சி'. 50 ஹெர்ட்ஸ் சிக்கல் அங்கே இல்லை, மண்டலப் பூட்டு மட்டும்தான் தடை.

கேள்வி: சேரிட்டி கடையில் ஒரு பவுண்டுக்கு 'வாட்டர்ஷிப் டவுன்' கிடைத்தது. உறையில் 'யு' சான்றிதழ், முயல் படம். என் ஆறு வயது மகளுக்குக் காட்டலாமா? *(ஈஸ்ட் ஹாம்)*

பதில்: இப்போது வேண்டாம். 1978-இல் வந்த அந்தப் படத்துக்கு அன்று 'யு', அதாவது எல்லா வயதினரும் பார்க்கலாம் என்ற சான்றிதழ் கொடுத்தார்கள் என்பது உண்மை. ஆனால் முயல்கள் இரத்தம் சிந்திச் சண்டையிடும், வளைக்குள் மூச்சு முட்டிச் சாகும். முயலைப் பார்த்து ஆசையாக உட்கார்ந்து, பயந்து அழுத பிள்ளைகள் இரண்டு தலைமுறைகளாக இந்த நாட்டில் இருக்கிறார்கள். பிரிட்டிஷ் தணிக்கை வாரியமே 2022-இல் அதை 'பிஜி' (பெற்றோர் வழிகாட்டல் தேவை) என்று மாற்றிவிட்டது. பழைய டிஸ்க்கின் உறை மட்டும் பழைய முத்திரையோடே கடையில் கிடக்கிறது. மிக நல்ல படம். பத்து வயதில், நீங்கள் பக்கத்தில் இருக்கும்போது காட்டுங்கள்.

பழைய பிரிட்டிஷ் குடும்பப் படங்களை வாங்கும்போது உறையில் உள்ள சான்றிதழை மட்டும் நம்பாமல், வாரியத்தின் இணையதளத்தில் படத்தின் பெயரைப் போட்டுப் பாருங்கள். புதிதாகச் சான்றிதழ் கொடுத்திருந்தால், எந்தக் காட்சிக்காக அந்த முடிவு என்றும் எழுதியிருப்பார்கள். இரண்டு நிமிட வேலை.

மகளோடு இப்போதே உட்கார்ந்து பார்க்க, லயோனல் ஜெஃப்ரிஸ் இயக்கிய 'தி ரயில்வே சில்ட்ரன்' (1970) இருக்கிறது. இன்னொன்றும் சொல்கிறேன், அதிகம் பேர் அறியாதது. சில்ட்ரன்ஸ் ஃபிலிம் ஃபவுண்டேஷன் என்ற அமைப்பு 1951 முதல், சனிக்கிழமை காலைத் திரையரங்குக் காட்சிகளுக்கென்றே ஏறக்குறைய ஒரு மணி நேரப் படங்களை எடுத்துவந்தது. அவற்றில் பலவற்றை பிரிட்டிஷ் ஃபிலிம் இன்ஸ்டிடியூட் (பிஎஃப்ஐ) டிவிடியாக வெளியிட்டிருக்கிறது. 'எ ஹிட்ச் இன் டைம்' (1978) என்ற படத்தில், இரண்டாவது டாக்டராக நடித்த பேட்ரிக் ட்ரௌட்டன், காலப்பயண இயந்திரம் செய்யும் பேராசிரியராக வருகிறார். ஆறு வயதுப் பிள்ளை ஒரே மூச்சில் பார்த்து முடிக்கக்கூடிய நீளம்.

இன்னும் ஒன்றிரண்டு வயது போனதும், பீட்டர் குஷிங் நடித்த 1965, 1966 டாலெக் திரைப்படங்களைக் காட்டுங்கள். சிவப்பு, நீலம், தங்கம் என்று, டாக்டரின் எதிரிகளான டாலெக்குகள் வண்ணவண்ணமாக வரும். 2022-இல் 4கேயில் வந்த பதிப்பு கொடுக்கும் காசுக்குத் தகும்.

கேள்வி: பரணில் ஒரு பெட்டி விஎச்எஸ் நாடாக்கள். விசிஆர் பழுது. தூக்கிப் போட்டுவிடலாமா? *(பர்மிங்ஹாம்)*

பதில்: கடையில் வாங்கியவற்றையும் நீங்களே பதிவு செய்தவற்றையும் முதலில் பிரியுங்கள். உலகில் கடைசியாக விசிஆர் தயாரித்த ஃபுனாய் நிறுவனமே 2016 ஜூலையில் நிறுத்திவிட்டது. இனி வாங்குவதெல்லாம் பழைய இயந்திரம்தான். நாடாவின் ஓரத்தில் வெள்ளையாகத் தூள் தெரிந்தால் பூஞ்சை. அதைப் போட்டால் இயந்திரமும் கெடும், அடுத்து போடும் நாடாவும் கெடும்.

கடையில் வாங்கியவற்றைக் கொடுத்துவிடலாம். அவற்றில் பெரும்பாலானவை டிஸ்க்காக வந்துவிட்டன, அதுவும் முழுமையாக. 'டாக்டர் ஹூ'வின் முதல் வீடியோ 1983-இல் வந்த 'ரிவெஞ்ச் ஆஃப் தி சைபர்மென்'. ஒரே ஒரு நாடா, விலை 39.95 பவுண்ட்! அந்த விலைக்கும் நான்கு அத்தியாயங்களை ஒரே படமாக ஒட்டி, ஒவ்வொன்றின் முடிவிலும் வரும் அந்தப் பரபரப்பான இடங்களை வெட்டிவிட்டார்கள். அடுத்த ஆண்டு வந்த 'தி பிரெயின் ஆஃப் மோர்பியஸ்' நாடாவில் ஏறக்குறைய பாதிக் கதையே இல்லை. இத்தகைய நாடாவை 'அரிய பதிப்பு' என்று யாராவது விற்றால், அரிதாக இருப்பது வெட்டுதான் என்று புரிந்துகொள்ளுங்கள்.

நீங்கள் பதிவு செய்த நாடாக்கள் வேறு விஷயம். அன்றைய விளம்பரங்கள், அறிவிப்பாளர் குரல், முடிவில் பதினைந்து நிமிடம் யாருடையவோ பிறந்தநாள் விழா, இவை வேறெங்கும் கிடைக்காது. டிஜிட்டலுக்கு மாற்றித் தருபவரிடம் இவற்றை முதலில் கொடுங்கள். ஒரே ஒரு நாடாவைக் கொடுத்துத் தரம் பார்த்துவிட்டு மற்றதைக் கொடுங்கள்.

கேள்வி: இணையத்தில் வாங்கிய பெட்டியில் மூன்றாவது டிஸ்க் நடுவில் நின்றுவிடுகிறது. பிரித்துவிட்டதால் திருப்ப முடியாது என்கிறார் கடைக்காரர். *(கார்டிஃப்)*

பதில்: அவர் இரண்டு சட்டங்களைக் குழப்புகிறார். மனம் மாறிப் பொருளைத் திருப்ப 14 நாள் உரிமை உண்டு. முத்திரையைப் பிரித்த டிஸ்க்குக்கு அது இல்லை என்பது சரி. ஆனால் உங்கள் டிஸ்க் பழுதானது. 2015 நுகர்வோர் உரிமைச் சட்டப்படி 30 நாட்களுக்குள் திருப்பி முழுப் பணமும் கேட்கலாம். அது கடந்துவிட்டால் மாற்றுப் பொருள் கேட்கலாம். எழுத்தில் கேளுங்கள்.

எனக்கும் ஒருமுறை ஏழு டிஸ்க் பெட்டியில் இரண்டாவது ஓடவில்லை. ஆறு வாரம் கழித்துத்தான் போட்டுப் பார்த்தேன், 30 நாள் உரிமை போய்விட்டது. அன்றிலிருந்து பெட்டி வந்த வாரமே எல்லா டிஸ்க்கையும் முதல், நடு, கடைசி என்று மூன்று இடத்தில் ஓட்டிப் பார்க்கிறேன். தனி நபரிடம் வாங்கினால் இவ்வளவு பாதுகாப்பு இல்லை. அவர் சொன்ன விவரத்துக்குப் பொருள் பொருந்த வேண்டும், அவ்வளவுதான். ஆகவே "எல்லா டிஸ்க்கும் ஓடுகிறதா?" என்று கேட்டு, பதிலை எழுத்தில் வாங்கி வையுங்கள்.

கேள்வி: அறுபதுகளின் 'டாக்டர் ஹூ' காணாமல் போன கதைகள் "முழுத் தொகுப்பு" என்று ஒருவர் 60 பவுண்டுக்கு விற்கிறார். வாங்கலாமா? *(குரோய்டன்)*

பதில்: வாங்காதீர்கள். நாடா விலை அதிகம், மறு ஒளிபரப்புக்கும் வாய்ப்புக் குறைவு என்று பிபிசி அந்தக் காலத்தில் நிகழ்ச்சிகளை அழித்து அதே நாடாவில் வேறு பதிவு செய்தது. வெளிநாட்டு நிலையங்களுக்கு விற்க எடுத்த 16 மி.மீ. ஃபிலிம் பிரதிகளால்தான் இன்றைக்கு இருப்பவற்றில் பெரும்பாலானவை தப்பின. 2013-இல் நைஜீரியாவில் கிடைத்த ஒன்பது அத்தியாயங்கள் வெளிவந்த பிறகும், முதல் ஆறு பருவங்களின் 253 அத்தியாயங்களில் 97 கிடைக்காமலே இருந்தன. அப்படிக் கண்டெடுத்தது பிபிசி வழியாக, ஊரறிய வெளிவரும். தனி ஆள் ஒருவரின் பெட்டியில் வராது. அவர் தரும் டிஸ்க்கின் அடிப்புறத்தைப் பாருங்கள். ஊதா நிறம் அடித்தால் வீட்டில் பதிந்தது. புகைப்படங்களை ஒலியோடு ஒட்டி ரசிகர்கள் செய்ததை எடுத்து விற்கிறார் என்றே நினைக்கிறேன்.

அந்த ஒலி மட்டும் முழுவதும் நம்மிடம் இருக்கிறது. அன்றைய சிறுவர்கள் தொலைக்காட்சிக்கு முன் டேப் ரெக்கார்டரை வைத்து, வீட்டில் யாரும் பேசக் கூடாது என்று சொல்லிப் பதிவு செய்தார்கள். காணாமல் போன ஒரு அத்தியாயம்கூட விடுபடவில்லை. அந்த ஒலிக்குப் படம் வரைந்து பிபிசியே சில கதைகளை அனிமேஷனாக வெளியிட்டிருக்கிறது. 2016-இல் வந்த 'தி பவர் ஆஃப் தி டாலெக்ஸ்' அப்படிப்பட்டது. உங்கள் 60 பவுண்டில் அதையும், நைஜீரியாவில் கிடைத்துத் திரும்பி வந்த 'தி எனிமி ஆஃப் தி வேர்ல்ட்' டிவிடியையும் வாங்குங்கள். இரண்டாவதை முதலில் பாருங்கள். ட்ரௌட்டன் டாக்டராகவும் வில்லனாகவும் இரட்டை வேடம் போடுகிறார், ஆறு அத்தியாயமும் முழுதாக இருக்கிறது. ஒரு நாளைக்கு ஒன்று போதும்.