தாது வருஷத்துக் கூலி: கேள்வி பதில்

பதில் சொல்பவர்: தடாவில் வசிக்கும் ஓய்வுபெற்ற சரித்திர வாத்தியார்

நகரியிலிருந்து: சார், தாது வருஷப் பஞ்சத்தில் வெள்ளைக்கார சர்க்கார் ஒன்றுமே கொடுக்கவில்லையா?

கொடுத்ததம்மா, அளந்து கொடுத்தது. 1876-ல் மழை பொய்த்ததும் சென்னை மாகாண அரசு 30,000 டன் தானியம் வாங்கியது. வியாபாரத்தில் சர்க்கார் கைவைக்கக் கூடாது என்பது வைஸ்ராய் லிட்டனின் கொள்கை, கடுப்பானார். 1877 ஜனவரியில் பஞ்ச நிவாரணச் செலவைக் கட்டுப்படுத்த ரிச்சர்ட் டெம்பிள் என்ற அதிகாரியை அனுப்பினார். நிவாரண வேலையில் நாள் முழுக்க மண் வெட்டுகிற ஆளுக்கு அதுவரை ஒன்றரை ராத்தல் (பவுண்டு) தானியம், ஓரணா. டெம்பிள் அதை ஒரு ராத்தலாக்கினார், அணா அப்படியே.

சத்தியவேட்டிலிருந்து: ஒரு ராத்தல் போதாதா ஐயா?

போன வாரம் சமையல்கட்டில் நிறுத்துப் பார்த்தேன் தம்பி. 454 கிராம் அரிசி, எங்கள் டம்ளரில் மூன்று வரவில்லை. வீட்டில் உட்கார்ந்து தின்றால் தாராளம். பருப்பு, காய் இல்லாமல் வெயிலில் மண் சுமப்பவனுக்கு? சுகாதாரக் கமிஷனராக இருந்த டாக்டர் கார்னிஷ் இதைத்தான் கேட்டார், விடாமல் மல்லுக்கட்டினார். பிறகு ஒன்றேகால் ராத்தலும் கொஞ்சம் பருப்பும் ஆயிற்று. அதற்குள் நிவாரண முகாம்களில் போன உயிர் போனதுதான்.

குப்பத்திலிருந்து: டெம்பிள் அவ்வளவு கல்நெஞ்சரா?

இதே மனுஷன்தான் 1873-74-ல் பீகாருக்குப் பர்மா அரிசியை இறக்கிச் சாவைப் பெரிதும் தடுத்தவர். பணத்தை வாரி இறைத்துவிட்டார் என்று திட்டு வாங்கினார். அந்தச் சூடு நம் ஜனங்கள் தலையில் விடிந்தது என்பது என் எண்ணம்.

புத்தூரிலிருந்து: எங்கள் ஊர் ரயில் அப்போது இருந்ததா?

இருந்தது. ரயிலில் தானியம் வந்தது, வாங்க ஜனங்கள் கையில் காசில்லை. ஏற்றுமதியும் நிற்கவில்லை.

சூளூர்பேட்டையிலிருந்து: பக்கிங்காம் கால்வாய் பஞ்சத்தில் வெட்டியது என்கிறார்களே?

முழுக்க அல்ல. வடக்குப் பகுதி 1806-லேயே தொடங்கியது. கூவத்தையும் அடையாற்றையும் இணைக்கும் ஐந்து மைல் நீளம்தான் 1877-78-ல் பஞ்சக் கூலிகள் வெட்டியது. பெயர் மட்டும் கவர்னர் பக்கிங்காம் பிரபுவுடையது! எங்கள் பாட்டி, நாங்கள் சோற்றை அவசரமாக அள்ளினால், "தாது வருசத்துக் கஞ்சித்தொட்டியாடா இது?" என்பாள்.

நகரியிலிருந்து மறுபடி: பிறகாவது திருந்தினார்களா?

1880-ல் பஞ்சக் கமிஷன் அறிக்கை, 1883-ல் சென்னை மாகாணப் பஞ்ச விதித்தொகுப்பு. வேலை செய்ய முடியாதவர்களுக்கு இலவச உதவி என்பது சட்டப் புத்தகத்தில் ஏறியது. முடிந்தவன் மட்டும் முதலில் மண் வெட்டிக் காட்ட வேண்டும்.