எக்கோவே எடுத்தாச்சே, வால்வு லீக்குக்கு எம்.ஆர்.ஐ. எதற்கு?

அப்பாவுக்கு மைட்ரல் வால்வில் (இதயத்தின் இடது மேலறைக்கும் கீழறைக்கும் நடுவில் உள்ள வால்வு) லீக், எக்கோவில் (இதயத்தின் அல்ட்ராசவுண்ட் ஸ்கேன்) ‘மாடரேட்’, அதாவது நடுத்தரம் என்று வந்திருக்கிறது, ஈ.எஃப். (இதயம் ரத்தத்தை வெளியேற்றும் சதவீதம்) 62 நார்மல்தானே, அப்புறம் எம்.ஆர்.ஐ. எதற்கு என்று கேட்டிருக்கிறீர்கள். என் அம்மாவுக்கும் அச்சு அசலாக இதே ரிப்போர்ட்தான் வந்தது.

நாங்கள் பாலக்கோடு பக்கம். தக்காளிக் கூடையோடு வரப்பில் பத்தடி நடந்தாலே அம்மாவுக்கு மூச்சு வாங்கும். ராத்திரி இரண்டு தலையணை வைத்தால்தான் படுக்க முடியும். தருமபுரியில் எடுத்த எக்கோவில் ஈ.எஃப். 62 என்றதும் நான் நிம்மதியானேன். டாக்டர் நிம்மதியாகவில்லை. “ரிப்போர்ட் சொல்றதும் அம்மா படற பாடும் ஒத்து வரலையே” என்றார்.

அவர் விளக்கியதைச் சொல்கிறேன். ஒவ்வொரு துடிப்பிலும் இடது கீழறை தன்னிடம் இருக்கும் ரத்தத்தில் நூற்றுக்கு எவ்வளவு வெளியேற்றுகிறது என்பதுதான் ஈ.எஃப். அந்த ரத்தம் உடம்புக்குப் போனதா, ஓட்டை வால்வு வழியாக மேலறைக்கே திரும்பியதா என்று அந்த எண் பார்ப்பதில்லை. அதனால் மைட்ரல் லீக் அதிகமாக உள்ளவருக்கு ஈ.எஃப். 60-க்குக் கீழே வந்தாலே இதயத் தசை தளர ஆரம்பித்துவிட்டது என்று கவலைப்படுவார்கள். 62 என்பது அந்தக் கோட்டுக்குப் பக்கத்தில்தான் நிற்கிறது.

எக்கோவைக் குறை சொல்லவில்லை. வால்வின் இதழ் எங்கே மடிகிறது, எதனால் ஒழுகுகிறது என்பதை அதுதான் நன்றாகக் காட்டும். முதலில் எடுக்க வேண்டியதும் அதுதான். ஆனால் லீக் நேராகப் பீய்ச்சாமல் அறையின் சுவரை ஒட்டிச் சாய்ந்து ஓடினால், எக்கோ திரையில் லீக்கைக் காட்டும் வண்ணம் இருப்பதைவிடச் சின்னதாகத் தெரியும். அம்மாவுக்கு அப்படித்தான் இருந்தது.

எம்.ஆர்.ஐ. போடுவது கழித்தல் கணக்கு. அம்மாவின் கீழறை ஒரு துடிப்புக்கு வெளியேற்றியது 120 மி.லி.; உடம்புக்கு ரத்தம் கொண்டுபோகும் பெரிய குழாயான மகாதமனியில் போய்ச் சேர்ந்தது 58. மீதி 62 மி.லி. திரும்பி வந்திருக்கிறது, பாதிக்கும் மேல். 60 மி.லி. அல்லது பாதியைத் தொட்டாலே ‘சிவியர்’ (கடுமையான லீக்) கணக்கு. இந்த அளவுக்குச் சாய மருந்து ஊசிகூடத் தேவையில்லை, கதிர்வீச்சும் கிடையாது.

ஓசூர் வழியாக ரயிலில் பெங்களூரு போய் எடுத்தோம். உலோகம் எதுவும் இருக்கக் கூடாது என்றதும், “தாலிய மட்டும் கழட்ட மாட்டேன் கண்ணு” என்று அம்மா உட்கார்ந்துவிட்டார். அப்பாவே வெளியே போய் மஞ்சள் கயிறும் ஒரு மஞ்சள் கிழங்கும் வாங்கி வந்து கட்டிவிட்ட பிறகுதான் அம்மா உள்ளே போனார். உங்கள் அப்பாவுக்கு பேஸ்மேக்கர் இருந்தால் முன்பே சொல்லிவிடுங்கள். துடிப்பு தாறுமாறாக இருந்தாலும் சொல்லுங்கள், படம் தெளிவாக வராது. சொன்னபோதெல்லாம் மூச்சை அடக்க வேண்டும், வீட்டிலேயே பழக்குங்கள்.

வேறு ஸ்கேன் போதாதா என்றால், மூகா என்ற இதய ஸ்கேன் ஈ.எஃப். சொல்லும், வால்வைக் காட்டாது. உணவுக்குழாய் வழியாக எடுக்கும் எக்கோ, வால்வைச் சரிசெய்ய முடியுமா என்று முடிவெடுக்கும் கட்டத்தில் வரும்; அம்மாவுக்கு ஆபரேஷனுக்கு முன்னால் எடுத்தார்கள்.

டாக்டரிடம் இரண்டு கேள்வி கேளுங்கள்: லீக் சாய்ந்து ஓடுகிறதா? எக்கோ எடுத்தபோது பி.பி. எவ்வளவு? பி.பி. ஏறி இறங்கினால் லீக்கும் கூடிக் குறையும். பழைய எக்கோ சி.டி.யையும் கையோடு எடுத்துப் போங்கள், வெறும் ரிப்போர்ட் தாள் போதாது.