புகார்ப் பெட்டியை எங்கே மாட்டுவது?

கேள்வி: அரசு மேல்நிலைப் பள்ளிக்குத் தலைமை ஆசிரியராக இந்த ஜூனில் வந்திருக்கிறேன். ஏழாம் வகுப்புப் பையன் ஒருவனைப் பெரிய பையன்கள் சீண்டுவதாக அவன் அம்மா சொல்கிறார். பையனோ வாயே திறப்பதில்லை. எங்கே தொடங்குவது?
– ஒரு வாசகர், விருதுநகர் மாவட்டம்

பதில்: அவனையும் சீண்டியவர்களையும் ஒரே அறையில் நிறுத்தி, ‘கை குடுத்துக்கங்கப்பா’ என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள். வெளியே போனதும் அடி இரட்டிப்பாகும். தனித்தனியாகப் பேசுங்கள். அதுவும் பாட வேளையில் ஆள் விட்டுக் கூப்பிடாதீர்கள்; வகுப்பே அவனைத் திரும்பிப் பார்க்கும்.

நான் தலைமை ஆசிரியையாக இருந்தபோது மதிய இடைவேளையில் கழிவறைப் பக்கம் ஒரு நடை போவேன். பாதி விவகாரம் அங்கேதான் சிக்கும். சைக்கிள் நிறுத்துமிடம், மாடிப்படியின் அடி, சாயங்காலம் பஸ் ஸ்டாப், இங்கெல்லாம் ஆசிரியர்களுக்கு முறை போடுங்கள். (முணுமுணுப்பார்கள், போடுங்கள்.) ‘மாணவர் மனசு’ என்கிற புகார்ப் பெட்டி உங்கள் அறை வாசலில் தொங்கினால் யார் சீட்டுப் போடுவார்கள்? தண்ணீர்க் குழாய்ப் பக்கம் மாற்றுங்கள்.

சீண்டலில் சாதி இருக்கிறதா என்றும் பாருங்கள். 2023இல் நாங்குநேரியில் பட்டியலின மாணவன் ஒருவனைச் சக மாணவர்களே வீடு புகுந்து வெட்டிய கொடுமைக்குப் பிறகு அமைந்த நீதிபதி சந்துரு குழு, சாதியைக் காட்டக் கையில் கட்டும் வண்ணக் கயிறுகளைத் தடைசெய்யச் சொன்னது சும்மா இல்லை. பாலியல் தொல்லை என்றால் ‘நமக்குள்ளேயே பேசி முடிப்போம்’ என்ற பேச்சே கூடாது. போக்சோ சட்டப்படி புகார் செய்தே ஆகவேண்டும். குழந்தைகள் உதவி எண் 1098-ஐ ஒவ்வொரு வகுப்புச் சுவரிலும் எழுதிவையுங்கள்.

அப்புறம், அந்த அம்மாவுக்கு வாரம் ஒருமுறை நீங்களே போன் செய்யுங்கள்.